வினாவும் இறையும்

(புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் நிகழ்ந்த தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்சிப்பணி பற்றி உறுப்பினர்கள் சட்டமன்றத்தில் கேட்கும் வினாக்களுக்கு அமைச்சர்கள் எவ்வாறு விடையிறுக்கின்றனர் என்பது எனக்குத் தரப்பெற்ற பொருள். மொழியும் இலக்கியமும் பேசவேண்டிய மேடையில் இஃது எதற்கென்று ஓரிருவர் எண்ணக்கூடும். இது மொழியைப் பற்றிய பேச்சுத்தான். தமிழில் விடைக்கு 'இறை' என்றொரு பெயருண்டு. அரசனுக்கும் இறை என்பதே பெயர். குடிகள் அவனுக்குச் செலுத்தும் வரியும் இறையே. வரியை இறுப்பது குடி. விடையை இறுப்பது அரசு. இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றே. வாங்கிய இறைக்கு மறு இறை தராதவனை இறையென்று அழைக்க நம் மொழியில் இடமில்லை.

நன்னூலில் பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்துள்ளார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்டிருப்பீர்கள். அந்த எட்டையும் கையில் எடுத்துக்கொண்டு சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். எட்டும் அங்கே உயிரோடு உலவும். 'இவ்வட்டத்தில் ஊராட்சி அலுவலர் பணியிடங்கள் எத்தனை நிரப்பப்படாமல் உள்ளன? அவை எப்பொழுது நிரப்பப்படும்?' என்று ஓர் உறுப்பினர் கேட்கின்றார் என்று கொள்வோம். 'இணைப்பில் காண்க' என்பது சுட்டு விடை. 'இல்லை' என்பது மறை. 'ஆம்' என்பது நேர். 'உறுப்பினர் எழுதித் தரட்டும், பார்க்கலாம்' என்பது ஏவல். 'உங்கள் ஆட்சியில் எத்தனை இடங்களை நிரப்பினீர்கள்?' என்று திருப்பிக் கேட்பது வினாவெதிர் வினாதல். 'நிதி நெருக்கடி நேர்ந்துவிட்டது' என்பது உற்றது உரைத்தல். 'இப்பொழுது நிரப்பினால் வழக்குத் தொடுப்பார்கள்' என்பது உறுவது கூறல். பணியிடத்தைப் பற்றிக் கேட்க, அவ்வலுவலர்க்குக் கட்டித் தந்த புதுக்கட்டடத்தைப் பற்றி உரைப்பது இனமொழி. ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது.

பவணந்தியார் முதல் மூன்றை நேர்விடை என்றும், பின்னைந்தும் குறிப்பால் விடையைத் தருவன என்றும் கொண்டார். 'செய்வாயா' என்றதற்குச் 'செய்யேனோ' என்று எதிர்வினா எழுப்பினால், செய்வேன் என்பது அதனுள்ளே அடங்கியிருக்கும். அமைச்சரின் எதிர்வினாவில் எதுவும் அடங்கியிராது. மேசையைத் தட்டும் ஒலிதான் இருக்கும்.

நன்னூலார் காணாத ஒன்பதாவது விடையொன்றும் இற்றை நாளில் உண்டு. அதுதான் 'ஆவன செய்யப்படும்'. எவ்வளவு அழகிய தமிழ்! வடசொல் ஒன்றுகூட இல்லை. முன்னர்ப் 'பரிசீலனையில் உள்ளது' என்றனர், நாம் போராடினோம், 'ஆய்வில் உள்ளது' என்று மாற்றினர். சொல் தமிழாயிற்று, கோப்பு அசையவில்லை. தனித்தமிழ் அன்பர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதுவே. நம் சொற்களை ஆட்சி எடுத்துக்கொண்டது வெற்றிதான். ஆனால் எடுத்துக்கொண்டு அவற்றுக்குள் ஒளிந்துகொள்ள நாம் இடந்தரலாகாது.

இவ்விடைகளின் இலக்கணத்தைப் பாருங்கள். 'ஆவன செய்யப்படும்', 'விவரம் திரட்டப்பட்டு வருகின்றது', 'கருத்துரு ஆராயப்படுகின்றது'. எல்லாம் செயப்பாட்டு வினை. செய்பவன் யார்? எழுவாய் எங்கே? தமிழில் செயப்பாட்டுவினை அருகியே வழங்கும். பேச்சில் நாம் 'கதவு திறக்கப்பட்டது' என்பதில்லை, 'அவன் கதவைத் திறந்தான்' என்போம். செய்தவனைச் சொல்லாமல் செயலைச் சொல்வது அலுவலகத்தின் வழக்கு. ஆட்சிப்பணியைப் பற்றிய வினா என்பதோ செய்தவன் எவன், செய்யாதவன் எவன் என்னும் வினாவே. எழுவாயைக் கேட்பவனுக்கு எழுவாய் இல்லாத வரியை விடையாகத் தருகின்றனர். இதற்கு உடன்பிறப்பாக 'வினா எழவில்லை' என்னும் வரியும் உண்டு. வினாவின் முதற்பகுதிக்கு 'இல்லை' என்று கூறிவிட்டால், 'எனில், கரணியம் என்ன?' என்னும் அடுத்த பகுதிக்கு 'வினா எழவில்லை' என்று அச்சிட்டுவிடலாம்.

இச்சொற்களின் வழுக்கலை நாடாளுமன்றமும் அறியாமலில்லை. 1953-இல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்றொன்று அமைக்கப்பெற்றது. 'இச்செய்தி ஆய்வில் உள்ளது', 'நான் கவனிக்கின்றேன்', 'விவரம் திரட்டி அவை முன் வைக்கப்படும்' என்பன போன்ற தொடர்களைப் பட்டியலிட்டு, இவற்றுள் ஒன்றை அமைச்சர் வாயால் சொல்லிவிட்டால் அஃது அவைக்குத் தந்த உறுதிமொழியாகும் என்று வகுத்தனர். அதனை நிறைவேற்ற மூன்று மாதம் கெடு. நம் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைக்கும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. மாவட்டந்தோறும் வந்து ஆய்வும் செய்கின்றது. அது வரும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஊர்திகள் அணிவகுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதற்கு வந்தார்கள் என்று கேட்டறிந்தவர் எத்தனை பேர் என்பது எனக்கு ஐயமே.

வினா கேட்கும் உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வுரிமை இல்லை. 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் உறுப்பினர் அரசை நோக்கி வினா எழுப்பலாம் என்றாயிற்று. அதுவும் ஒரே வினா, ஒரே விடை. பிறகு அமர்ந்துவிட வேண்டும். 1909-இல் வினாவைக் கேட்டவர் மட்டும் துணைவினா கேட்கலாம் என்றனர். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்பின் எவ்வுறுப்பினரும் துணைவினா கேட்கலாம் என்றாயிற்று. துணைவினாவில்தான் உயிர் உள்ளது என்பதனை அறிக. முதல்வினாவுக்கு விடை எழுதுபவர் அமைச்சர் அல்லர். நாள்கள் பலவற்றுக்கு முன்பே வினா துறைக்குப் போய்விடுகின்றது. பிரிவு எழுத்தர் வரைய, பிரிவு அலுவலர் திருத்த, செயலாளர் ஒப்ப, அமைச்சர் படிக்கின்றார். ஆட்சிப்பணியைப் பற்றிய வினாவுக்கு ஆட்சிப்பணியே விடை எழுதிக்கொள்கின்றது! துணைவினாவுக்கு மட்டுமே அமைச்சர் தம் தலையால் விடை சொல்லியாக வேண்டும்.

அத்துணைவினாக் கலையில் வெள்ளை ஆட்சியை நடுங்க வைத்தவர் இத்திருமயத்தில் 1887-இல் பிறந்த சத்தியமூர்த்தி. அவர்தம் கொள்கைகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. இதே மாவட்டத்தின் மகளாகிய மருத்துவர் முத்துலக்குமி அம்மையார், சென்னைச் சட்டமன்றத்தில் தேவரடியார் முறையை ஒழிக்க முனைந்தபொழுது அதனை எதிர்த்து நின்றவர் அவர். அம்முறையில் பிறந்த பெண்மக்களின் வாழ்வு அவர்க்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அதனை மறைத்து அவர்க்கு மாலையிட நான் வரவில்லை. ஆயினும் 1935 முதல் தில்லி நடுவண் சட்டமன்றத்தில் அவர் வினா கேட்ட முறையை நம் உறுப்பினர்கள் கற்கவேண்டும். துறையின் கணக்கையும் அறிக்கையையும் முன்னரே படித்து, விடை தமக்கே தெரிந்திருக்க வினாவை எழுப்புவார். நன்னூல் கூறும் அறிவினா அது. அன்றைய ஆட்சியாளர் வாக்கெடுப்பில் தோற்றாலும் பதவி இழக்காதவர்கள். அவர்களை நீக்க அவைக்கு வலிமையில்லை. வினாவொன்றே படைக்கலமாக இருந்தது.

இப்புதுக்கோட்டை மண்ணிலும் தனியரசு இருந்த காலத்தில் சட்டமன்றம் இருந்தது, 1924-இல் தோன்றியது. திவானிடம் உறுப்பினர் வினவலாம். ஆனால் திவான் அரசர்க்குக் கடமைப்பட்டவரேயன்றி அவைக்குக் கடமைப்பட்டவர் அல்லர். விடை இருந்தது, பொறுப்பு இல்லை. 1948 மார்ச்சில் தனியரசு இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் கரைந்தது. 1974-இல் தனி மாவட்டமாயிற்று. இன்று பொறுப்பு எழுத்தில் இருக்கின்றது; விடைதான் தேய்ந்துவருகின்றது.

வினாக்கள் ஆட்சிப்பணியை மாற்றிய வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. எந்த அலுவலகத்தில் எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று நயன்மைக் கட்சியினர் சட்டமன்றத்தில் ஓயாது கேட்டனர். எண்ணிக்கை அச்சேறியபின் அதனை மறுக்க எவராலும் இயலவில்லை. 1921-இல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. பிறந்த ஆணை தாளில் கிடந்து, முத்தையா முதலியார் அமைச்சராகி 1928-இல் அதற்கு உயிர் கொடுக்கும்வரை ஏழாண்டுகள் கடந்தன. அதற்கடுத்த 1929-இல், இந்திய மாகாணங்களுக்கெல்லாம் முதலாவதாகச் சென்னையில் பணித்தேர்வு ஆணையம் ஒன்று சட்டத்தால் அமைந்தது. இற்றைத் தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முன்னோடி அதுவே. 'ஆணை பிறப்பிக்கப்பட்டுள்ளது' என்று அமைச்சர் சொன்னால், 'நடைமுறைக்கு வந்தது எந்நாள்?' என்று ஏன் கேட்கவேண்டும் என்பதற்கு இந்த ஏழாண்டுகளே சான்று.

பொறுப்பு என்றேன். அலுவலர் செய்த பிழைக்கு அமைச்சர் ஏன் தலைகுனிய வேண்டும் என்று கேட்பாருண்டு. இதற்கு மேலைநாட்டு நூல்களைப் புரட்டவேண்டுவதில்லை. கோவலனை வெட்டியவன் பாண்டியன் அல்லன். பொய்யுரைத்தவனும் அவன் அல்லன். பொற்கொல்லனின் சொல்லும் காவலனின் வாளும் நிகழ்த்திய பிழையைத் தன் பிழையென்றே ஏற்றான். கண்ணகியின் வினாவுக்கு அவன் இறுத்த இறை அவன் உயிர்.

அண்மைக் காலத்தில், 1956 நவம்பர் 23-இல், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்து தொடர்வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று அரியலூரும் புதுக்கோட்டையும் ஒரே மாவட்டம். தொடர்வண்டித் துறை அமைச்சர் இலால் பகதூர் பதவி விலகினார். பாலத்தைக் கட்டியவரும் அல்லர், வண்டியை ஓட்டியவரும் அல்லர். துறை அவருடையது, அவ்வளவே.

அடுத்த ஆண்டே நேர்மாறான நிகழ்ச்சி. காப்பீட்டுக் கழகத்தின் பணம், அதாவது ஏழை எளியவர் கட்டிய தவணைப் பணம், ஒருகோடியே இருபது இலக்கத்துக்கும் மேல் முந்திரா என்னும் வணிகனின் குழுமங்களில் முதலிடப்பெற்றது. 1957 செப்டம்பரிலேயே மக்களவையில் வினா எழுந்தது. முழு உண்மை வெளிவரவில்லை. திசம்பர் 16-இல் பெரோசு காந்தி ஆவணங்களோடு எழுந்து பேசியபின் சாக்ளா ஆணையம் அமைந்தது. இருபத்து நான்கே நாளில் ஆராய்ந்து முடித்தது. அலுவலர் தாமாகச் செய்தார் என்றார் நிதியமைச்சர் தி.த. கிருட்டிணமாச்சாரி, அமைச்சர் அறிந்தே செய்தேன் என்றார் முதன்மைச் செயலாளர் படேல். செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா தீர்த்தார். 1958 பிப்பிரவரியில் அமைச்சர் விலகினார். அந்தச் செயலாளர் பிற்காலத்தில், 1977-இல், தாமே நிதியமைச்சராகி வினாக்களுக்கு விடை சொல்ல வந்தார்! ஒரு சிறிய வினா, முதற்கண் நேர்மையாக விடை கிடைத்திருந்தால், அங்கேயே முடிந்திருக்கும்.

இனி, நம் மாநில அமைச்சர்க்கு உள்ள ஒரு தடையையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மாவட்ட ஆட்சியரும் துறைச் செயலாளரும் பெரும்பாலும் இந்திய ஆட்சிப்பணியினர். அரசமைப்புச் சட்டத்தின் 312-ஆம் பிரிவின்படி அது நடுவணரசின் படைப்பு. சம்பளம் நம் கருவூலத்திலிருந்து; வேலை நம் மண்ணில்; ஆனால் அவரைப் பணியிலிருந்து அறவே நீக்கும் உரிமை தில்லிக்கே உண்டு. நம் அமைச்சர் அவரை இடமாற்றலாம், சில காலம் இடைநிறுத்தலாம். 2022 செனவரியில், மாநிலத்தின் இசைவின்றியே அவ்வலுவலர்களைத் தில்லிப் பணிக்கு இழுத்துக்கொள்ள விதியைத் திருத்த நடுவணரசு முனைந்தபொழுது தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்து எழுதின. நீக்க முடியாத அலுவலர்க்காக அமைச்சர் அவையில் விடை சொல்லவேண்டியிருக்கின்றது. அமைச்சர்கள் இதனை வெளிப்படையாக அவையில் சொல்லலாமே! 'என் கைக்கு எட்டாதது இது, எட்டவேண்டும்' என்று சொன்னால் அதுவே ஒரு நல்ல விடை. அதை விடுத்து 'ஆவன செய்யப்படும்' என்கின்றனர்.

தில்லியின் மறுமொழி எம்மொழியில் வருகின்றது என்பதனையும் பாருங்கள். 2020-இல் நடுவண் சேமக் காவற்படையின் மருத்துவத் துணைப்பணித் தேர்வுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தேர்வு நடுவமும் இல்லை. மதுரை மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன் இங்கும் ஒரு நடுவம் வேண்டுமென்று ஆங்கிலத்தில் எழுதினார். உள்துறை இணையமைச்சர் நித்தியானந்த ராய் இந்தியில் மறுமொழி விடுத்தார். படிக்க இயலாத விடை விடையா? பவணந்தியாரின் எட்டுக்குள் இதற்கு இடமில்லை. வழக்குச் சென்றது. 2021 ஆகத்தில் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை, எழுதிய மொழியிலேயே மறுமொழி தரவேண்டும் என்று தீர்ப்புரைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, எவரும் தம் குறையை நடுவணரசுக்கு இந்நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்கின்றது. தமிழில் எழுதும் உரிமை அங்கேயே உள்ளது. தமிழில் விடை பெறும் உரிமைதான் இன்னும் அப்பிரிவில் எழுதப்படவில்லை.

இவ்வரிசையில் ஒரு நற்செய்தியும் உண்டு. 2023-இல் அதே காவற்படையின் 9,212 இடங்களுக்கான தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே என்று அறிவிப்பு வந்தபொழுது தமிழ்நாட்டு அரசு வினவியது, பலரும் வினவினர். அதே ஏப்பிரலில், நடுவண் காவற்படைகளின் காவலர் தேர்வு தமிழ் உள்ளிட்ட பதின்மூன்று மாநில மொழிகளிலும் நடக்கும் என்று உள்துறை அறிவித்தது. 2024 தொடக்கத்திலிருந்து அவ்வாறே நடக்கலாயிற்று. கறம்பக்குடியிலோ மணமேல்குடியிலோ ஓடிப் பழகும் உழவர் மகன் இன்று தன் மொழியில் அத்தேர்வை எழுதுகின்றான்.

சரியாகக் கேட்ட வினாவுக்கு எண்ணால் விடை வந்த எடுத்துக்காட்டு ஒன்று. 2022 சூலையில் மக்களவையில், 2014 முதல் எட்டாண்டுகளில் நடுவணரசு வேலை கேட்டு விண்ணப்பித்தோர் எத்தனை, தேர்ந்தெடுக்கப்பட்டோர் எத்தனை என்று வினவப்பெற்றது. விண்ணப்பங்கள் 22 கோடியே 5 இலக்கம். தேர்வானோர் 7 இலக்கத்து 22 ஆயிரம். விண்ணப்பம் முந்நூறுக்கு ஒருவர்க்கு வேலை. அதே காலத்தில், 2021 மார்ச்சு நிலவரப்படி நடுவணரசில் 9 இலக்கத்து 79 ஆயிரம் இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன என்றும் அதே துறையின் மறுமொழி கூறிற்று. இவ்விரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவனுக்கு வேறு சொற்பொழிவு வேண்டா. பிழை இளைஞர்களின் படிப்பில் இல்லை என்பது தானே விளங்கும்.

நம் மாவட்டத்தின் வேங்கைவயலை நான் விட்டுச்செல்ல இயலாது. 2022 திசம்பரில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மாந்தக் கழிவு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. யார் செய்தார் என்பது ஒரு வினா, அது காவல்துறைக்கு. தொட்டியைக் காக்கவேண்டியவர் யார், நீரை ஆய்ந்திருக்க வேண்டியவர் யார், எந்நாள் எவர்க்குச் செய்தி சென்றது என்பன வேறு வினாக்கள், அவை ஆட்சிப்பணிக்கு. இரண்டாம் வகை வினாக்கள் முதல் வகைக்குள் மூழ்கடிக்கப்பட்டன. வழக்கு 2023 செனவரியில் குற்றப்பிரிவு நுண்ணறிவுத் துறைக்கு மாறியது. ஈராண்டுகள் 'உசாவலில் உள்ளது' என்பதே விடையாயிற்று. 2025 செனவரியில், பாதிக்கப்பட்ட அவ்வூர் இளைஞர் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. அதனை அம்மக்கள் ஏற்கவில்லை. முறைமன்றத்தின்முன் உள்ளதை அவையில் பேசலாகாது என்னும் விதி நல்ல விதியே. ஆனால் குற்றவாளி யார் என்பதற்குத்தான் அவ்விதி. ஊராட்சித் தொட்டியை மாதந்தோறும் தூய்மை செய்த பதிவேடு எங்கே என்று கேட்பதற்கு அவ்விதி தடையாகாது.

ஆகவே வினாவைத் தொடுக்கக் கற்போம். 'பணியிடங்களை நிரப்ப அரசு முன்வருமா?' என்று கேட்டால் 'ஆவன செய்யப்படும்' என்றே வரும்; அவ்வினா அவ்விடையைத் தானே அழைத்து வருகின்றது. 'திருமயம் வட்டத்தில் ஒப்பளிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்நாளிலிருந்து ஆளின்றி உள்ளது, தேர்வாணையத்துக்கு எழுதிய நாள் எது, எழுதவில்லையெனில் கோப்பு எந்த அலுவலரிடம் எத்தனை நாளாக உள்ளது?' என்று கேளுங்கள். இதற்குச் செயப்பாட்டு வினையில் விடை எழுத முடியாது. தேர்வாணையத்தின் ஆண்டறிக்கையை, அதன் அறிவுரையை அரசு ஏற்காத இடங்களுக்குரிய விளக்கத்தோடு அவைமுன் வைக்கவேண்டும் என்று 323-ஆம் பிரிவு கூறுகின்றது. அவ்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவரையாவது நம் தொகுதிகளிலிருந்து உருவாக்குவோமாக. அவர் கேளாவிடில் 2005-ஆம் ஆண்டுத் தகவலுரிமைச் சட்டத்தின்படி பத்து உருபாவில் நாமே கேட்கலாம். தமிழில் கேட்டுத் தமிழில் பெறலாம்.

மன்றத்துத் தோழர்கள் வாயிலில் தாள் வைத்துள்ளனர். உங்கள் ஊரில் ஆளில்லாத பள்ளி, மருத்துவமனை, அலுவலக இடங்களை நாள் குறித்து எழுதித் தாருங்கள். அடுத்த கூட்டத்தொடர்க்கு முன் அவை இம்மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் அறுவர்க்கும் வினா வடிவில் செல்லும். அவர்களுள் எவர் கேட்டார், என்ன விடை வந்தது என்பதனை அடுத்த கூட்டத்தில் இங்கேயே படிப்போம். என் உரையின்மேல் வினா உள்ளோர் இப்பொழுதே எழுந்து கேட்கலாம், துணைவினாவும் கேட்கலாம்.